முதலில் ஒரு காக்கை

நாயோ பூனையோ இல்லாமல் என் மருத்துவமனைக்கு வருகிற குடும்பங்கள் உண்டு. அம்மா, அப்பா, கூடவே ஏழெட்டு வயதில் ஒரு பிள்ளை. கதவு திறந்ததும் பிள்ளை உள்ளே பாய்ந்து, நாய்களை நிறுக்கும் எடைத்தட்டின் மேல் ஏறிவிடும். இறங்கும், ஏறும், எண் ஓடுவதைப் பார்க்கும், ஒரு காலைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி இறங்கும். அம்மா நாற்காலியில் உட்காரும் முன்பே "சாரி டாக்டர், சாரி" என்று தொடங்கிவிடுவார். பிள்ளை இன்னும் ஒன்றையும் உடைத்திருக்காது. பள்ளிக்கூடத்தில், கல்யாண மண்டபத்தில், பேருந்தில், பக்கத்து வீட்டு வாசலில் சொல்லிச் சொல்லி நாக்கில் படிந்துபோன வார்த்தை அது.

பிறகு கேள்வி வரும். "நாய் வளர்த்தா ஏ.டி.ஹெச்.டி. பிள்ளைங்களுக்கு நல்லதுன்னு சொல்றாங்க. எந்த ஜாதி வாங்கலாம் டாக்டர்?"

திருச்சியில் கால்நடை மருத்துவராக இருபத்து நான்கு ஆண்டுகளை முடித்துவிட்டேன். பிள்ளைக்கு இருப்பது ஏ.டி.ஹெச்.டி. என்கிற கவனக்குறைவு, மிகைத்துடிப்புக் குறைபாடா, வெறும் துறுதுறுப்பா என்று சொல்வது என் வேலை இல்லை. அதைக் குழந்தைகள் மனநல மருத்துவரோ, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையமோ பார்த்துச் சொல்ல வேண்டும். என் வேலை, அந்த வீட்டுக்கு ஓர் உயிர் போகலாமா, போனால் எது, எப்போது, யார் பொறுப்பில் என்று பார்ப்பது. இத்தனை ஆண்டுகளில் நான் மிகவும் யோசித்துச் செய்கிற வேலை இதுதான். அறுவைச் சிகிச்சையைவிட இதில் எனக்குப் பயம் அதிகம். ஒரு தையல் பிரிந்தால் மறுபடி போட்டுவிடலாம்.

அவர்கள் கேள்விப்பட்டது பொய்யில்லை. 1962-இலேயே போரிஸ் லெவின்சன் என்ற அமெரிக்கக் குழந்தை உளவியலாளர், தன் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருந்தபோது பேசாத பிள்ளை பேசத் தொடங்கியதைக் கவனித்து, நாயைச் சிகிச்சையில் தன் கூட்டாளி என்றே எழுதினார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் சப்ரினா ஷக் என்பவரின் குழு, ஏழு முதல் ஒன்பது வயதுள்ள ஏ.டி.ஹெச்.டி. பிள்ளைகளை வைத்து முறையான ஆய்வு ஒன்றைச் செய்து 2018-இல் வெளியிட்டது. 12 வாரப் பயிற்சி. ஒரு பிரிவில் நாய்கள் உண்டு, மற்றதில் இல்லை. இரண்டு பிரிவிலும் பிள்ளைகள் முன்னேறினார்கள். நாய் இருந்த பிரிவில் கவனம் கூடுதலாகத் தேறியது, மற்றவர்களோடு பழகுவதும் தேறியது. ஆனால் ஓட்டம், அவசரம், குதிப்பு ஆகியவற்றில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை.

இதை நான் பெற்றோரிடம் அப்படியே சொல்கிறேன். கூடவே இன்னொன்றையும் சொல்கிறேன். அந்த ஆய்வில் இருந்தவை பழக்கப்பட்ட, வளர்ந்த நாய்கள். ஒவ்வொரு நாய்க்கும் பக்கத்தில் ஒரு பெரியவர். மணி முடிந்ததும் நாய் தன் வீட்டுக்குப் போய்விடும். நீங்கள் கேட்பதோ இருபத்து நான்கு மணி நேரமும் வீட்டில் இருக்கப்போகிற, ஊசிப்பல் முளைத்த, இரண்டு மாதக் குட்டி. இரண்டும் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழிலுக்கு வந்த மூன்றாம் ஆண்டு, ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு நானே பார்த்து ஒரு பொமேரியன் குட்டியைக் கொடுத்தேன். வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தது. தீபாவளிக்கு முன்தினம். பையன் அதைக் கீழே விடவே இல்லை. தூக்கினான், அணைத்தான், இறுக்கினான். தூங்கும்போதும் எழுப்பினான். வெடிச்சத்தத்தில் ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்த குட்டி, கட்டிலுக்கடியில் ஒளிந்தது. அவன் காலைப் பிடித்து இழுத்தான். உதட்டில் கடித்துவிட்டது. அன்றிலிருந்து குட்டியை மொட்டைமாடியில் கட்டினார்கள். ஆறாவது வாரம் அப்பா அதைக் கூடையில் வைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார். பையனும் கூட வந்திருந்தான். "உன்னாலதாண்டா" என்று என் எதிரிலேயே சொன்னார். பையன் அழவில்லை. எடைத்தட்டின் விளிம்பைக் காலால் தேய்த்துக்கொண்டே நின்றான்.

தவறு அவனுடையது இல்லை, என்னுடையது. வீட்டுப்பாடத்தை முடிக்காதவன், பென்சிலைத் தொலைப்பவன், வரிசையில் நிற்காதவன் என்று ஏற்கெனவே அவன் தலையில் ஒரு பட்டியல் இருந்தது. ‘ஒரு நாயைக்கூட வளர்க்கத் தெரியாதவன்’ என்று அதில் ஒரு வரியை நான் சேர்த்தேன். இந்தப் பிள்ளைகளுக்குப் பிராணி கொடுப்பதில் உள்ள பெரிய ஆபத்து கடியோ கீறலோ அல்ல, இதுதான். அதனால் அன்றிலிருந்து நான் எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: இந்தப் பிள்ளை தோற்காமல் இருக்க என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

அதற்கு முதல் படியாக நான் சொல்வது காக்கை.

பெற்றோர் சிரிப்பார்கள். பாட்டி கூட வந்திருந்தால் சிரிக்கமாட்டார், தலையாட்டுவார். தினமும் காலையில், ஒரே நேரத்தில், மொட்டைமாடிச் சுவரில் ஒரு கைப்பிடிச் சோறு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர். பிள்ளைதான் வைக்க வேண்டும். ஒரு மாதம். அவ்வளவுதான். முதல் நான்கு நாள் பெரியவர்கள் நினைவுபடுத்த வேண்டியிருக்கும். ஒரு வாரத்துக்குள் காக்கைகளுக்கு நேரம் பிடிபட்டுவிடும். ஏழரை மணிக்குச் சுவரில் வந்து உட்கார்ந்து கத்தத் தொடங்கும். பிறகு பிள்ளைக்கு நினைவுபடுத்துவது அம்மா அல்ல, காக்கை. மறந்தால் திட்டு இல்லை. காக்கை கொஞ்ச நேரம் கத்திவிட்டு வேறு மாடிக்குப் போகும், பட்டினி கிடக்காது. மறுநாள் திரும்பவும் வரும்.

இந்த ஒரு மாதத்தில் எனக்குத் தெரியவேண்டியது எல்லாம் தெரிந்துவிடும். பிள்ளையைப் பற்றி மட்டுமல்ல. சோறு வைக்கவில்லை என்றால் வீட்டில் யார் கத்துகிறார்கள், யார் பேசாமல் எடுத்து வைக்கிறார்கள், யார் "இதெல்லாம் எதுக்கு" என்கிறார்கள் என்பதெல்லாம் வந்துவிடும். ஒரு சிறுமி இருபதாம் நாள் என்னிடம் வந்து, ஒரு காக்கைக்கு ஒரு கால் கொஞ்சம் வளைந்திருக்கிறது, அது கடைசியாகத்தான் வருகிறது, அதற்குத் தனியாக ஓரத்தில் வைக்கிறேன் என்றாள். வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், எதையும் கவனிப்பதில்லை என்று ஆசிரியர் எழுதி அனுப்பிய பெண் அவள். பெண்பிள்ளைகளில் பலருக்கு ஓட்டமும் குதிப்பும் இருப்பதில்லை. கனவில் இருப்பது போல உட்கார்ந்திருப்பார்கள், சத்தம் இல்லாததால் யாரும் கண்டுகொள்வதில்லை. அவளுக்குக் கவனம் இல்லாமல் இல்லை. அதை வேண்டிய இடத்துக்குத் திருப்புவதுதான் அவளுக்குக் கடினம்.

ஏ.டி.ஹெச்.டி. பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த ரஸல் பார்க்லி, பெற்றோருக்கு ஒரு கணக்குச் சொல்வதுண்டு. தன்னைத் தானே அடக்கிக்கொள்வது, திட்டமிடுவது, நேரத்தை உணர்வது ஆகியவற்றில் இந்தப் பிள்ளைகள் வயதுக்குச் சுமார் 30 விழுக்காடு பின்னால் இருப்பார்கள். பத்து வயதுப் பிள்ளையிடம் ஏழு வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பதை எதிர்பாருங்கள் என்பார். அறிவில் பின்னால் அல்ல. அதில் பத்தைத் தாண்டிக்கூட இருக்கலாம். என் தொழிலுக்கு இதைவிட உதவியாக ஒரு கணக்கு இல்லை. ஏழு வயதுப் பிள்ளையை நம்பி ஒரு நாயின் சோற்றை யாராவது விடுவார்களா? விடமாட்டார்கள். பத்து வயதுப் பையனை நம்பி விடுகிறார்கள், மறுநாள் திட்டுகிறார்கள்.

ஆகவே என் முதல் விதி: விலங்கின் வயிறு பிள்ளையின் ஞாபகத்தைச் சார்ந்திருக்கக் கூடாது. சோறு, தண்ணீர், தடுப்பூசி மூன்றும் பெரியவர்கள் பொறுப்பு. பிள்ளை அதில் சேர்ந்துகொள்ளலாம், தினமும் சேரலாம், ஆனால் அவன் மறந்த நாளிலும் நாய் சாப்பிட்டாக வேண்டும்.

இரண்டாவது, ஞாபகத்தைத் தலையில் வைக்காமல் பொருளில் வைக்க வேண்டும். நாய்த்தட்டை அடுப்படி அலமாரிக்குள் வைக்காதீர்கள், பிள்ளை பல்துலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பல்துலக்கியதும் கண்ணில் படும். வாசற்கதவின் உள்பக்கத்தில் ஆணி அடித்து நாயின் கயிற்றைத் தொங்கவிடுங்கள். அரிசி அளக்கிற ஆழாக்கை ஒன்று தனியாக நாய்க்கென்று ஒதுக்குங்கள். தலைதட்டி ஓர் ஆழாக்கு என்றால் அளவில் சண்டை வராது. குளிர்பதனப் பெட்டியின் மேல் இரண்டு துணிக்கிளிப். காலைச் சோறு வைத்ததும் ஒன்றை இடமிருந்து வலம் மாற்ற வேண்டும், இரவில் இன்னொன்று. இந்தக் கிளிப் ஏற்பாட்டை எனக்குச் சொன்னது உறையூரில் ஒரு பாட்டி. அதற்கு முன் அந்த வீட்டில் பையன் ஒருமுறை வைப்பான், அம்மா அவன் மறந்திருப்பான் என்று ஒருமுறை வைப்பார், பாட்டி பாவம் பார்த்து இரண்டு இட்லி போடுவார். இருபத்தெட்டுக் கிலோ இருக்க வேண்டிய லேப்ரடார் நாற்பத்தொன்று இருந்தது.

இந்த ஏற்பாடெல்லாம் பிள்ளைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஏ.டி.ஹெச்.டி. பெரும்பாலும் குடும்ப வழியில் வருவது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அது இருக்கலாம், யாரும் பெயர் வைத்திருக்க மாட்டார்கள். தடுப்பூசி அட்டையைக் கொண்டுவரச் சொன்னால் மூன்று முறையும் மறந்துவிட்டு வருகிற அப்பாவைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. அட்டையின் பிரதியை நானே வைத்துக்கொள்கிறேன், தேதிக்கு இரண்டு நாள் முன்பு போன் செய்கிறேன்.

எந்த விலங்கு என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளுக்கு என் பதில் இரண்டு வயது தாண்டிய நாட்டு நாய். குட்டி வேண்டாம். குட்டிக்கு ஆறு மாதம் வரை பல் ஊறும், கையில் கிடைத்ததை எல்லாம் கடிக்கும். ஓடுகிற பிள்ளையின் கணுக்காலை விளையாட்டாகக் கடிக்கும். பிள்ளை கத்தும், இன்னும் ஓடும். அது இன்னும் கடிக்கும். இரண்டு குட்டிகளை ஒரே வீட்டில் யாரும் கட்டுப்படுத்தாமல் விட்டது போல ஆகிவிடும். வளர்ந்த நாயின் குணம் தெரிந்துவிட்டது. சத்தத்துக்கு மிரளுமா, தட்டில் கை வைத்தால் உறுமுமா, பிள்ளைகளைக் கண்டால் வாலாட்டுமா, ஒதுங்குமா என்று பார்த்து எடுக்கலாம். விலங்கு நலக் காப்பகங்களில் இப்படி எத்தனையோ நல்ல நாய்கள் காத்துக்கிடக்கின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் நம் பெருமை, அவற்றை நானும் நேசிக்கிறேன். ஆனால் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைத் துரத்தப் பிறந்த வேட்டை நாய்கள், ராஜபாளையம் காவலுக்குப் பெயர்போனது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு ஓடிவரும் வீட்டில், அனுபவம் இல்லாத கையில், அவற்றைக் கொடுக்க எனக்கு மனம் வராது. திருச்சி வெயிலில் ஹஸ்கி கேட்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை, மறுத்துவிடுகிறேன்.

முயல் பாவம். குழந்தைக்கேற்ற பிராணி என்று கடைகளில் விற்கிறார்கள். பின்கால்களைத் தாங்காமல் தூக்கினால் அது உதைக்கிற உதையில் அதன் முதுகெலும்பே முறிந்துபோகும். அவசரக் கைக்கு முயல் ஆகாது. பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் கேட்டு வருகிறார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். மீன் நல்லதுதான், பிள்ளை கண்ணாடியைத் தட்டாமல் இருந்தால், ஒரே நாளில் டப்பா உணவையும் கொட்டாமல் இருந்தால். வாடகை வீட்டில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு மீன்தொட்டிதான் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா ஏழு சிறு டப்பாக்களில் ஏழு சிட்டிகை உணவை அளந்து வைத்துவிட்டு, பெரிய டப்பாவைப் பீரோவில் பூட்டிவிடுவார். பிள்ளை தினம் ஒரு டப்பாவைத் திறந்து கொட்டலாம், முழுவதையும் கொட்டலாம். கொட்டுகிற ஆசையும் தீர்ந்தது, மீனும் பிழைத்தது.

லால்குடிப் பக்கம் ஒரு வீட்டில் நாயே தேவைப்படவில்லை. அங்கே ஆடு இருந்தது. பையனுக்கு மாலையில் நான்கு ஆட்டை வாய்க்கால் வரப்பில் ஓட்டிப் போகும் வேலையைத் தாத்தா கொடுத்தார், கூடவே அவரும் நடந்தார். ஆடு ஓடும், இவனும் ஓடலாம். ஆடு நின்றால் இவன் நிற்க வேண்டும். வகுப்பறையில் குறையாகத் தெரிந்த ஓட்டம் வரப்பில் வேலைக்கு உதவியது. அந்தத் தாத்தாவுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

நாய் ஏன் இந்தப் பிள்ளைகளுக்கு ஒத்துப்போகிறது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். இவர்களுக்கு ‘இப்போது’ என்று ஒன்று உண்டு, ‘பிறகு’ என்பது வெகுதூரம். மூன்று மாதம் கழித்து வரும் மதிப்பெண் இவர்களை உட்காரவைக்காது. நாயின் பதில் அந்த நொடியிலேயே வருகிறது. கத்தினால் விலகிப்போகிறது. அமைதியாக உட்கார்ந்தால் வந்து மடியில் தலை வைக்கிறது. நேற்று கத்தினான் என்பதற்காக இன்று முகத்தைத் திருப்புவதில்லை. பெரியவர்கள் மாதிரி, களைப்பாக இருக்கும் நாளில் ஒரு நியாயம், நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் வேறு நியாயம் என்றும் இல்லை. செய்ததற்கும் கிடைப்பதற்கும் நடுவே இடைவெளியே இல்லாத ஆசிரியர் அது.

அதனால்தான் நாய் வந்ததும் நான் முதலில் கற்றுத்தருவது சோறு போடுவதையோ குளிப்பாட்டுவதையோ அல்ல, ‘இரு’ என்ற ஒரு சொல்லை. என் மருத்துவமனையின் பின்கட்டில், தரையில் சதுரச் சதுரமாக ஓடு பதித்திருக்கிறது. பிள்ளை ஓர் ஓட்டின் மேல் நிற்க வேண்டும், எதிரில் நாய். கையில் வேகவைத்த கோழித்துண்டு, நகத்தளவு. ‘உட்காரு’ என்றதும் நாய் உட்காரும், அது எளிது. ‘இரு’ என்று சொல்லிவிட்டு ஓர் ஓடு பின்னால் நகர வேண்டும், நின்று, திரும்பி வந்து, துண்டைக் கொடுக்க வேண்டும். பிறகு இரண்டு ஓடு. பிறகு மூன்று. பிள்ளையின் கை ஆடினால் நாய் எழுந்துவிடும். தோள் அசைந்தால் எழுந்துவிடும். "இரு இரு இரு இரு" என்று அடுக்கினால் எழுந்தே விடும். ஒருமுறை, தணிந்த குரலில், உடம்பு அசையாமல் சொன்னால்தான் அது இருக்கும்.

ஒரு பையன் முதல் நாள் ஒரே ஓட்டில் பதினொருமுறை தோற்றான். துண்டைத் தரையில் எறிந்துவிட்டு வாசலுக்கு ஓடிப்போய்விட்டான். நான் கூப்பிடவில்லை. நாய் துண்டைத் தின்றுவிட்டு அவன் பின்னால் போய் நின்றது. அடுத்த ஞாயிறு இரண்டு நிமிடம் மட்டும் செய்தோம், அதில் ஒருமுறை சரியாக வந்தது, அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். "இன்னும் ஒரு தடவ டாக்டராண்ட்டி" என்று கெஞ்சினான். மாட்டேன் என்றேன். வெற்றியில் நிறுத்துவது நாய்ப் பயிற்சியில் பழைய பாடம், பிள்ளைக்கும் அதுவே பொருந்தும். ஆறாவது வாரம் அவன் எட்டு ஓடு பின்னால் போய், இரண்டு கையையும் டிரவுசர் பைக்குள் விட்டுக்கொண்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பதினான்கு நொடி. அம்மா கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். இதனால் அவன் கணக்கில் நூறு வாங்கினான் என்று நான் சொல்லமாட்டேன். வாங்கவில்லை. மருந்தையும் மருத்துவர் நிறுத்தவில்லை. ஆனால் அந்தப் பதினான்கு நொடியை யாரும் அவனுக்கு இட்டுக்கட்டிச் சொல்லவில்லை, அவன் உடம்பே அதைச் செய்தது, நாய் அதற்குச் சாட்சி.

கடியைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வெறிநாய்க்கடி என்று சந்தேகப்படும் கடிகளுக்கு ஆளாகிறவர்களில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். யோசிக்கும் முன் கை நீளுகிற பிள்ளைக்கு ஆபத்து இன்னும் அதிகம். நாய் கடிக்கும் முன் சொல்லிவிட்டுத்தான் கடிக்கிறது. உதட்டை நக்கும், தூக்கம் இல்லாதபோதும் கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடம்பு மரம் மாதிரி விறைக்கும். இதையெல்லாம் பிள்ளைக்குப் படமாக வரைந்து காட்டுகிறேன். தெருவில் தெரியாத நாய் வந்தால் என்ன செய்வது என்பதற்கு நம் பிள்ளைகளிடமே விளையாட்டு இருக்கிறது. ‘ஸ்டேச்சு’ என்றால் சிலையாக வேண்டும், ‘ரிலீஸ்’ என்றால் அசையலாம். நாய் நெருங்கினால் உனக்கு நீயே ஸ்டேச்சு சொல்லிக்கொள், கை உடம்போடு, கண் தரையில், நாய் போனபின் ரிலீஸ். பத்துமுறை விளையாடிப் பழகினால்தான் வேண்டிய நேரத்தில் வரும். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

அதைவிட முக்கியம் ஒன்று. கடித்தாலும் கீறினாலும் உடனே வந்து சொல்கிற பிள்ளையாக அவன் இருக்க வேண்டும். தினமும் திட்டு வாங்குகிற பிள்ளை காயத்தை மறைக்கும். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்த ஒருவனை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே வீட்டில் சட்டமாகவே சொல்லிவிடுங்கள்: நாய்க்கடியைச் சொன்னால் திட்டு கிடையாது, யார்மேல் தப்பு என்ற விசாரணையும் கிடையாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். தடுப்பூசி அங்கே இலவசம். ரேபிஸ் வந்துவிட்டால் பிழைக்கவைக்க இன்றுவரை வழியில்லை. வீட்டு நாய்க்கு மூன்று மாதத்தில் முதல் ரேபிஸ் ஊசி, பிறகு ஆண்டுதோறும்.

நாய்க்குப் பிள்ளையால் வரும் ஆபத்தும் உண்டு. ஏ.டி.ஹெச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட், அடமாக்ஸெட்டின் போன்ற மாத்திரைகள் நாய்க்கு விஷம். சிறிய நாய்க்கு ஒரு மாத்திரையே போதும். இதயம் படபடக்கும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். விழுங்கப் பிடிக்காத பிள்ளை மாத்திரையைச் சோபாவுக்கடியில் துப்புவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மாத்திரை வயிற்றுக்குள் போகும்வரை நாய் வேறு அறையில் இருக்கட்டும். பாயசத்தில் வரும் உலர்திராட்சையும் அப்படித்தான், நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பண்டிகை நாளில் இலைக்குப் பக்கத்தில் நாயை விடாதீர்கள்.

நாய்க்கும் ஓர் இடம் வேண்டும். பிள்ளை நுழையக் கூடாத ஒரு மூலை, ஒரு பழைய பாய், மேசைக்கடியில் இருந்தாலும் போதும். அங்கே போய்ப் படுத்தால் அதைத் தொடக் கூடாது. சில பிள்ளைகள் இந்த விதியை எல்லா விதிகளையும்விடச் சரியாகக் காப்பாற்றுகிறார்கள். காரணம் கேட்டால், தங்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும் என்கிறார்கள். அதைக் கேட்ட இரண்டு அப்பாக்கள் பிள்ளைக்கும் ஒரு மூலை ஒதுக்கினார்கள்.

சிலரை நான் காக்கையோடு நிறுத்தி அனுப்பிவிடுவதும் உண்டு. பிள்ளை அவசரத்தில் நோகச் செய்வது வேறு, செய்துவிட்டு அழும். வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, வலிப்பதைப் பார்ப்பதற்காகச் செய்கிறது என்றால் அதை அவர்கள் மனநல மருத்துவரிடம் சொல்ல வேண்டும், விலங்கு வாங்கும் பேச்சே அப்போது வேண்டாம். அம்மாவின் முகத்தையும் பார்ப்பேன். நாய் பத்து முதல் பதினான்கு ஆண்டு வாழும். இன்று எட்டு வயதுப் பிள்ளை இருபதில் கல்லூரி விடுதியில் இருப்பான். நாய் அம்மாவோடு இருக்கும். அதனால் பிள்ளையையும் அப்பாவையும் வெளியே எடைத்தட்டில் விளையாடச் சொல்லிவிட்டு அம்மாவிடம் மட்டும் கேட்பேன்: "அவனுக்காக இல்லம்மா. உங்களுக்கு ஒரு நாய் வேணுமா?"

சிலர் உடனே "ஆமா" என்பார்கள், சின்ன வயதில் வீட்டில் இருந்த மணியைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அந்த வீட்டுக்கு நாய் போகலாம். சிலர் ஒன்றும் சொல்லாமல் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் அழுதுவிட்டார், "நான் தூங்கியே மூணு வருஷம் ஆச்சு டாக்டர்" என்றார். அந்த வீட்டுக்கு நாய் வேண்டாம், அந்த அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். பிள்ளைக்கு ஞாயிறு காலையில் என் மருத்துவமனையில் ஒரு மணி நேரம் வேலை கொடுத்தேன், தண்ணீர்க் கிண்ணங்களைக் கழுவி நிரப்ப. அவன் வந்து போகும் நேரத்தில் அம்மா வீட்டில் தூங்குவார். ஒன்றரை ஆண்டாக அப்பாதான் கூட்டிவருகிறார்.

இதைப் படிக்கும் பெற்றோரிடம் நான் கேட்பது ஒன்றே. பிறந்தநாளுக்கு முன்தினம் குட்டியை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு தடுப்பூசிக்கு எங்களிடம் வராதீர்கள். வாங்குவதற்கு முன்பே வாருங்கள், வெறுங்கையோடு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு. உங்கள் ஊர்க் கால்நடை மருத்துவரிடம் அரைமணி நேரம் கேளுங்கள். பிள்ளை எடைத்தட்டில் ஏறட்டும், எத்தனைமுறை வேண்டுமானாலும். அதற்கு நீங்கள் சாரி சொல்ல வேண்டியதில்லை.